வால்வைத் திறக்கும் முன் ஒரு போன்: கிராஃப்ட் ப்ரூவரிகளுக்குத் திறந்த மடல்

கிராஃப்ட் பீர் தயாரிக்கும் சிறு ப்ரூவரிகளின் உரிமையாளர்களுக்கும், அவர்களுடைய சங்கப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். பெரும்பாலும் இரவு ஷிப்ட். உங்கள் தரையில் இருக்கும் வடிகாலில் இறங்குவதெல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேர்கிறது. அதனால் உங்கள் தொழிலைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே எனக்குத் தெரியும். எந்த இரவில் தொட்டி கழுவினீர்கள், எந்த இரவில் ஈஸ்ட்டை வெளியே தள்ளினீர்கள் என்பதை வாசனையையும், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் மீட்டரையும் வைத்தே சொல்லிவிடுவேன்.

சில வாரங்களுக்கு முன் நடந்ததைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த ப்ரூவரி என்று சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். மற்றவர்களில் பலரும் இதையே செய்திருப்பீர்கள், செய்துகொண்டும் இருப்பீர்கள். அதனால்தான் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

அன்று வெள்ளிக்கிழமை. இரவு பதினொன்றரை மணி வரை உள்ளே வரும் நீரின் பிஹெச் 7-க்குப் பக்கத்திலேயே, அதாவது நடுநிலையிலேயே இருந்தது. அரை மணி நேரத்தில் 11-ஐத் தாண்டியது. காஸ்டிக் சோடா என்ற கடுங்காரம், தொட்டி கழுவிய தண்ணீர். அது அடங்குவதற்குள் அடுத்தது வந்தது. பால் கலந்தது போன்ற கலங்கல், புளித்த ரொட்டி மாவின் வாசனை. ஈஸ்ட். அதன் பின்னாலேயே, சுவை சரியில்லை என்று ஒதுக்கப்பட்ட பீர், ஒரு முழு தொட்டி. காற்றூட்டும் தொட்டியில் கரைந்த ஆக்சிஜனை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் வைத்திருப்போம். இரண்டு மணிக்கு அது 0.3. காற்றை ஊதும் புளோயர் எல்லாவற்றையும் முழு வேகத்தில் ஓட்டினேன். முள் அசையவே இல்லை.

கழிவுநீரைச் சுத்தம் செய்வது நானோ எந்திரமோ இல்லை. அந்தத் தொட்டியில் வாழும் நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. அவற்றுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். ஒரு கழிவைத் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதைத்தான் பிஓடி என்று அளக்கிறோம். வீட்டுச் சாக்கடையில் அது லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம் வரை இருக்கும். பீரில்? சுமார் 80,000. கெட்டியான ஈஸ்ட் கழிவில் அதற்கும் மேல். ஐரோப்பாவில் ஓர் ஆளின் ஒரு நாள் கழிவுக்கு 60 கிராம் பிஓடி என்று கணக்கு வைக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நீங்கள் கொட்டும் 1,000 லிட்டர் பீர், 1,300 பேருடைய ஒரு நாள் கழிவுக்குச் சமம். அந்த 1,300 பேரின் கழிவு இருபத்துநான்கு மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வரும். உங்களுடையது இருபது நிமிடத்தில் வருகிறது.

விடிந்ததும் ஓடைக்கு நடந்து போய்ப் பார்த்தேன். பல மாதங்களாகச் சரியான மழை இல்லை. ஓடையில் அப்போது ஓடிக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி எங்கள் குழாயிலிருந்து வந்த நீர்தான். மீன்கள் மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடின. கரையோரம் சில ஏற்கெனவே மல்லாந்து கிடந்தன. நல்ல மழை பெய்த வருடமாக இருந்தால் ஓடை இந்த அடியைத் தாங்கியிருக்கும். இப்போது தாங்க அங்கே தண்ணீரே இல்லை. இருக்கும் தண்ணீரும் சூடு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பத்து வருடம் முன்பு செய்த அதே தவறைத்தான் இன்றும் செய்கிறீர்கள், ஆனால் விளைவு அதே அளவில் நிற்பதில்லை. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் முதன்மையாக இந்த மடல்.

எங்கள் தொட்டி பழைய நிலைக்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது. நுண்ணுயிர்கள் திரண்ட கசடு அடியில் படியாமல் பஞ்சு போல மிதந்துகொண்டே இருந்தது. அந்த மூன்று வாரமும் ஓடைக்குப் போன நீரைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அந்த இரவுக்கு மறுநாளே அந்த ப்ரூவரிக்குப் போன் செய்திருந்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். சனிக்கிழமை காலையில் புதிதாகக் காய்ச்ச வேண்டியிருந்ததாம், தொட்டி காலியாக வேண்டியிருந்ததாம். கடைசியில், "நாங்க சின்ன ப்ரூவரிதானே சார், எங்களால அவ்வளவு ஆகுமா?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர்கள் மேல்தான் கோபம்.

கேட்பது ஒன்றுதான். ஈஸ்ட்டையும், கொதித்த பின் அடியில் தங்கும் வண்டலையும், வீணான பீரையும் வடிகாலில் நேராகக் கொட்டாதீர்கள். ஒரு தொட்டியில் தேக்குங்கள். விட்டே ஆக வேண்டும் என்றால், விடுவதற்கு முன் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்.

இது பெரிய விஞ்ஞானம் இல்லை. காஸ்டிக் கழுவிய நீரும் அமிலம் கழுவிய நீரும் ஒரே தேக்கத் தொட்டியில் சேர்ந்தால் ஒன்றை ஒன்று பெருமளவு சமன் செய்துவிடும். மீதியைச் சரிசெய்ய ஒரு பிஹெச் மீட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். ஈஸ்ட்டையும் வண்டலையும் டிரம்மில் தனியாகப் பிடிக்கலாம். மால்ட் சக்கையை, அதாவது சாறு எடுத்த பின் மிஞ்சும் முளைகட்டிய தானியத்தை, ஏற்கெனவே மாட்டுத் தீவனத்துக்குக் கொடுக்கிறீர்கள், 100 லிட்டர் பீருக்குச் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை. அதை வடிகாலில் தள்ள வேண்டும் என்று உங்களில் யாருக்கும் தோன்றுவதில்லையே. ஈஸ்ட்டையும் சூடாக்கி உயிரை அடக்கிவிட்டால் அதே வண்டியில் அனுப்பலாம். உயிரோடு கொடுத்தால் மாட்டின் வயிற்றில் போய் நொதிக்கும், அதை மட்டும் கவனியுங்கள். வீணான பீரை மூன்று நான்கு நாளாகப் பிரித்து, நாங்கள் சொல்லும் நேரத்தில், சிறு அளவில் விட்டால் எங்கள் நுண்ணுயிர்கள் அதைச் சந்தோஷமாகவே தின்னும். உணவாகிற அதே பொருள்தான் ஒரே நேரத்தில் வந்தால் மூச்சை அடைக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் பீர் கேன்களின் படங்களில் ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது, துள்ளும் மீன் இருக்கிறது. கூரையில் சோலார் பேனல் வைத்ததையும் மரம் நட்டதையும் படம் போடுகிறீர்கள். அவை நல்ல காரியங்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு லிட்டர் பீருக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதை எந்தக் கேனிலும் நான் பார்த்ததில்லை. நன்றாக நடத்தப்படும் பெரிய ஆலைகள் 3 லிட்டருக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. சிறிய ப்ரூவரிகளில் 7, சில இடங்களில் 10-க்கும் மேல். பெரிய கம்பெனிகளைவிட அக்கறையாகச் செய்கிறோம் என்பதுதான் உங்கள் பெயரிலேயே இருக்கும் பெருமை. அந்த அக்கறை ஏன் வடிகால் மூடியோடு நின்றுவிடுகிறது? நொதிக்கும்போது 100 லிட்டருக்கு 4 கிலோ அளவில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் விட்டுவிட்டு, அதே வாயுவை சிலிண்டரில் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். இதையெல்லாம் கேட்டால் "சின்ன ப்ரூவரி" என்ற பதில் வந்துவிடுகிறது. உரிமம் கொடுக்கும் அதிகாரிகளும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நுரைக்கும் தொட்டிக்கு முன்னால் இரண்டு மணிக்கு நிற்கிறவனுக்கு அது சின்னதாகத் தெரிவதில்லை.

பருவநிலை மாறுவதால் முதலில் அடிபடும் தொழில்களில் உங்களுடையதும் ஒன்று என்பதால்தான் இன்னும் வருத்தம். கடும் வறட்சியும் வெப்பமும் சேர்ந்து வரும் ஆண்டுகளில் உலக பார்லி விளைச்சல் 3 முதல் 17 சதவீதம் வரை குறையலாம் என்று 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில், ஐரோப்பிய வகைகளில், கசப்பைத் தரும் ஆல்பா அமிலம் 2050-க்குள் 20 முதல் 31 சதவீதம் வரை குறையும் என்று 2023-இல் இன்னொன்று. பெல்ஜியத்தில், காற்றிலிருந்து வரும் காட்டு ஈஸ்ட்டால் நொதிக்கும் லாம்பிக் பீரைக் காய்ச்சுகிறவர்கள் கொதித்த சாற்றை இரவுக் குளிரில் திறந்தவெளியாக ஆறவைக்க வேண்டும். குளிர்ந்த இரவுகள் குறையக் குறைய அவர்களுடைய காய்ச்சும் பருவமும் சுருங்கி வருகிறது. இவை எனக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். உங்கள் கூட்டங்களில் பேசுவதும் இதைத்தான். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். வானம் உங்களுக்குச் செய்வதைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் நீங்கள், நீங்கள் ஓடைக்குச் செய்வதைப் பற்றியும் ஒரு கூட்டமாவது போடலாம் இல்லையா?

மன்னிக்கவும், சொல்ல வந்ததை விட்டு விலகிவிட்டேன். கேட்பது அதே ஒன்றுதான். தேக்குங்கள், சொல்லுங்கள், பிறகு விடுங்கள். சங்கப் பொறுப்பாளர்கள் இதை உறுப்பினர்களுக்கு ஒரு விதியாக எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும். தேக்கத் தொட்டிக்குத் தனித்தனியாகச் செலவு செய்ய முடியாத ப்ரூவரிகள், பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து ஒரு டேங்கர் ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

அப்புறம், தயவுசெய்து உங்கள் பகுதி சுத்திகரிப்பு நிலையத்தின் இரவு ஷிப்ட் எண்ணைக் கேட்டு வாங்கி, பெரிய எழுத்தில் எழுதி, வால்வுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுங்கள். அலுவலக அறையில் வேண்டாம், அந்த நேரத்தில் அங்கே யாரும் இருப்பதில்லை. வால்வைத் திறக்கிற பையனின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். எந்த நேரமானாலும் கூப்பிடலாம் என்று அவனிடம் சொல்லிவையுங்கள். நாங்கள் விழித்துக்கொண்டுதான் இருப்போம்.

நன்றியுடன்,
இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஒருவர்