நியமனக் கடிதம் மட்டும் போதுமா? துணைவேந்தர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலேசியாவின் 20 பொதுப் பல்கலைக்கழகங்களின் மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கு,

வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்களில் பெரும்பாலோர் தமிழ் வாசிக்கமாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் உங்களிடம் வேலை பார்க்கும் எங்கள் பிள்ளைகள் வாசிப்பார்கள். அவர்களில் சிலர் இன்று துறைத் தலைவர்கள், இன்னும் சிலர் நாளைக்கு ஆகப் போகிறவர்கள். அவர்கள் எடுத்துச் சொல்லி உங்கள் காதுக்கு வந்தால் போதும்.

கேட்க வந்தது ஒன்றுதான். ஒருவரைத் துறைத் தலைவராக உட்கார வைக்கும் முன், அந்த வேலையை அவருக்குக் கற்றுக்கொடுங்கள். உட்கார்ந்த பிறகும் முதல் ஆண்டு முழுக்கக் கூடவே இருந்து கற்றுக்கொடுங்கள்.

150 மாணவருக்குக் கீழே இருந்தால் அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் பள்ளி. எங்கள் பள்ளியில் அதில் பாதிகூடக் கிடையாது. மணியடிப்பதிலிருந்து மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புவதுவரை தலைமையாசிரியர் தலையில்தான். அந்தச் சின்னப் பள்ளிக்கூடத்தை நடத்தவும் ஒருவருக்கு என்.பி.கியூ.இ.எல். எனும் கல்வித் தலைவர்களுக்கான தேசியத் தகுதி வேண்டும் என்பது 2013-2025 தேசியக் கல்விப் பெருந்திட்டம் கொண்டுவந்த நிபந்தனை. கல்வி அமைச்சின் அமினுடின் பாக்கி கழகம் நடத்தும் பயிற்சி அது. பள்ளிக் கணக்கு, ஆசிரியர் மதிப்பீடு, பெற்றோர் புகார் எல்லாம் உண்டு. வகுப்பில் உட்கார்ந்து கேட்டதில் பாதி மறந்துவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். மறக்காதது, வேறொரு பள்ளியில் மூத்த தலைமையாசிரியர் ஒருவரின் பக்கத்தில் உட்கார வைத்தார்களே, அது. கோபத்தோடு வந்த ஓர் அப்பாவை அவர் எப்படி உட்கார வைத்து, ஆசிரியருக்காக வாதாடாமல் முதலில் முழுசாகக் கேட்டார் என்று பார்த்தேன். எந்தக் கையேட்டிலும் அதைக் கற்றிருக்க முடியாது.

உங்கள் துறைத் தலைவருக்கு இப்படி நாடு தழுவிய முன்நிபந்தனை எதுவும் இல்லை. அவரிடம் நூற்றுக்கணக்கான மாணவர்கள். பாடத்திட்டத் தகுதிக்கு எம்.கியூ.ஏ. எனும் மலேசியத் தகுதி முகமை கேட்கும் கோப்புகள், விரிவுரையாளர்களின் பணிப்பளு, ஆண்டு மதிப்பீடு, பகுதிநேர ஆசிரியர் சம்பளம், தொழிற்பயிற்சி இடங்கள். நேற்றுவரை தன் ஆய்வையும் தன் வகுப்பையும் பார்த்துக்கொண்டிருந்தவர் திங்கட்கிழமை ஒரு கடிதத்தோடு இதற்கெல்லாம் பொறுப்பாளி. தோட்டத்தில் ரப்பர் மரம் நன்றாகச் சீவுகிறவரை எல்லாம் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆக்கிவிட மாட்டார்கள். பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்று நாற்பது பேரைப் பிரித்து அனுப்பத் தெரியுமா என்று பார்ப்பார்கள்.

இதில் எனக்கென்ன வந்தது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி, குடும்பத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள். பருவத்தின் நடுவில் அம்மா படுத்த படுக்கை. படிப்பை ஒத்திவைக்க விண்ணப்பித்தாள். துறைத் தலைவர் கையெழுத்துப் போடவேண்டும், அவரோ வெளிநாட்டில் கருத்தரங்கில். அவர் இல்லாத நேரத்தில் யார் கையெழுத்திடுவது என்று ஏற்பாடு இல்லை. அலுவலகத்தில் "அவர் வரட்டும்" என்றார்கள். கெடு போய்விட்டது. பாடங்களில் தோல்வி, அதன் பின்னே கல்விக் கடனும் நின்றது. அந்தத் தலைவர் கெட்டவர் இல்லை. மாணவர்கள் அவரை விரும்புவார்கள் என்றுதான் அவளும் சொன்னாள். பொறுப்பைப் பகிர்ந்து வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எங்களுக்கு அது முதல் வாரப் பாடம்.

வீட்டில் யாருக்கும் பல்கலைக்கழக நடைமுறை தெரியாத பிள்ளைக்கு, துறைத் தலைவர்தான் பல்கலைக்கழகம். கோலாலம்பூரில் வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவைத் தட்டத் தெரியும். தோட்ட லயத்து வீட்டிலிருந்து போனவளுக்கு அந்த ஒரு கதவுதான்.

துறைத் தலைமை என்பது வெறும் எழுத்துவேலை இல்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 'தமிழ் முரசு' நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். தோட்டப் பாட்டாளிகள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்ததும் அதில் சேர்ந்தது. அந்தத் துறைக்கு 1961இல் தலைவராக வந்தவர் தனிநாயகம் அடிகளார். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் முதல் மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே கூட்டினார். அவருடைய புலமை பெரிது, மறுக்கவில்லை. ஆனால் பல நாட்டு அறிஞர்களை ஓரிடத்தில் சேர்த்தது புலமை மட்டுமா? பணம் புரட்டுவது, அரசாங்கத்தோடு பேசுவது, ஒருவரையொருவர் ஒத்துக்கொள்ளாத அறிஞர்களை ஒரே மேசையில் உட்கார வைப்பது, இவையும் வேண்டும். அந்தத் திறமை அவருக்கு வாய்த்திருந்தது. வாய்க்காதவருக்கு நீங்கள் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள்?

அகெப்ட் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. உயர்கல்வித் தலைமைத்துவத்துக்காகவே அமைந்த கழகம், அதுவும் பண்டார் என்ஸ்டெக்கில், அமினுடின் பாக்கி கழகம் இருக்கும் அதே ஊரில். ஒரே ஊரில் ஒன்றில் படிக்காமல் பள்ளித் தலைவராக முடியாது. மற்றதில் படிக்காமலே துறைத் தலைவராகலாம். ஹோட்டலில் இரண்டு நாள் பட்டறை வைத்து, நழுவுபடம் காட்டி, படம் எடுத்துச் சான்றிதழ் கொடுப்பதையும் நான் கேட்கவில்லை. அப்படிப்பட்டவற்றில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், சாப்பாடு நன்றாக இருக்கும்.

எங்களுக்குச் செய்ததைச் செய்யுங்கள். பதவி விட்டுப் போகிறவரும் வருகிறவரும் சில வாரங்கள் சேர்ந்து வேலை பார்க்கட்டும். முன்பு தலைவராக இருந்த ஒருவர், வேறு புலத்தைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, முதல் ஆண்டு முழுக்க வழிகாட்டியாக இருக்கட்டும். ஏன் வேறு புலம் என்றால், இந்த வேலையில் கடினமான பகுதி பணமோ கோப்போ இல்லை. தனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த மூத்த பேராசிரியர் வகுப்புக்கு ஒழுங்காக வராதபோது அவரை அழைத்துப் பேசுவதுதான். சில வருஷத்தில் பதவி கைமாறும், அதன்பின் அவரே தனக்கு மேலே வரலாம் என்ற பயத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. இதைச் சொந்தத் துறைக்குள் யாரிடம் போய் யோசனை கேட்பது?

இன்னொன்று, பதவி உயர்வு. ஆய்வுக் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும்போது, மூன்று வருஷம் துறையைத் தூக்கி நிறுத்தியவர் பின்தங்கிப் போகிறார். உயர்கல்வி அமைச்சு வெளியிட்ட ஆரஞ்சு நூலே போதனை, ஆய்வு, தொழில்முறைப் பணி ஆகியவற்றோடு நிறுவனத் தலைமையையும் ஒரு பணிப்பாதையாகக் காட்டுகிறது. காகிதத்தில் இருக்கும் அந்தப் பாதையில் நடக்கிறவருக்கு மதிப்பெண் கொடுங்கள். அவர் வகுப்புச் சுமையையும் குறையுங்கள்.

அடுத்து நீங்கள் அனுப்பப் போகும் நியமனக் கடிதங்களில் மூன்று விவரம் சேர்த்தால் தொடங்கிவிடலாம்: பழைய தலைவரோடு சேர்ந்திருக்கும் நாட்கள், வழிகாட்டியின் பெயர், குறைக்கப்பட்ட வகுப்பு நேரம். வழிகாட்டிகளுக்கு ஆள் போதாது என்றால், பேராக்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்கள் பலர் இருக்கிறோம். புகார் கேட்பது எப்படி என்பதையாவது சொல்லித் தருவோம். பயணச் செலவு மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி,
சுங்கை சிப்புட், பேராக்