பழி ஆள் மேல், தொட்டி திறந்தபடி

ஆசிரியருக்கு,

மலேரியா தலைகாட்டினாலே வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். மலேரியாக் கிருமிகளில் ஒரு வகையான வைவாக்ஸ் கல்லீரலில் மாதக்கணக்கில் பதுங்கியிருந்து திடீரென்று காய்ச்சலாக வெளிவரும், அதனால் அது ஆளோடு சேர்ந்தே பயணம் போகும் என்பது உண்மைதான். சரி, கொசு இல்லாமல் அடுத்தவரை எப்படித் தொற்றும்? காட்டை வெட்டி வெயில் படும் குட்டைகளை உண்டாக்கியதும், கட்டட வேலையில் தொட்டியை மூடாமல் விட்டதும் யார்? அப்புறம், கொசுவும்தான் இடம்பெயர்கிறது. தெற்காசிய நகரங்களில் தொட்டித் தண்ணீரில் வளரும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா பரப்பும் கொசு 2012-இல் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் தென்பட்டது. மலேரியா கிட்டத்தட்ட ஓய்ந்திருந்த அந்த நாட்டில் அதன்பின் நோய் மறுபடி பெருகியது (கொசுவிடம் யாரும் அடையாள அட்டை கேட்கவில்லை). விரட்டினால் தொழிலாளர்கள் காய்ச்சலை மறைக்கத்தான் பார்ப்பார்கள். வேலையிடத்திலேயே இலவச ரத்தப் பரிசோதனை வையுங்கள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தாமல் முடிக்கும்வரை கூலியோடு விடுப்பு கொடுங்கள், தொட்டிக்கு மூடி போடுங்கள்.