பெயரின் பொருளுக்கு மூலமொழியே சான்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தைக்குப் பெயர் தேடும் பெற்றோருக்கெனத் தொகுக்கப்படும் பட்டியல்கள் பலவற்றில், பெயர் எந்த மொழிக்குரியது என்ற குறிப்பே இல்லாமல் 'ஒளி', 'வெற்றி' என்று பொருள் எழுதப்படுவது வருத்தம் அளிக்கிறது. 'கடவுள் அருளினார்' என்னும் பொருளுடைய யோகனான் என்ற எபிரேயப் பெயரே கிரேக்கம், இலத்தீன் வழியாகப் பரவி, ஆங்கிலத்தில் ஜான், ஸ்பானிய மொழியில் ஹுவான், ரஷ்ய மொழியில் இவான், ஐரிஷ் மொழியில் ஷான் என ஆகியிருக்கிறது. ஒலியை மட்டும் கேட்பவருக்கு இந்த உறவு புலப்படாது. ஜார்ஜ் என்பது உழவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கானாவின் அகான் மக்களோ பிறந்த கிழமையையே பெயராக்குகிறார்கள், ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னானின் முதற்பெயர், வெள்ளிக்கிழமை பிறந்த ஆணுக்கு உரியது. நைஜீரியாவின் யோருபா மக்கள் இரட்டையரில் முதலில் பிறப்பவரைத் தாய்வோ என்றும் அடுத்தவரைக் கெஹிந்தே என்றும் அழைக்கிறார்கள். பின்னால் பிறந்த கெஹிந்தேயையே மூத்தவராகக் கருதுவது அவர்களின் அழகான மரபு. ஜப்பானியப் பெயர்களில் ஒலி ஒன்றாகவே இருந்தாலும், எழுதும் கான்ஜி எழுத்து மாறினால் பொருளும் மாறும். ஆகவே ஒலிபெயர்ப்பை மட்டும் கொண்டு பொருள் கூறுவது பெற்றோரைத் தவறாக வழிநடத்துவதாகும்.

தங்கள் நாளிதழ் பெயர்ப் பட்டியல் வெளியிடும்போது, ஒவ்வொரு பெயருக்கும் மூலமொழியையும் வேர்ச்சொல்லையும் குறிப்பிடுவதோடு, மேரி என்பதைப் போல அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு நிலவும் பெயர்களுக்கு அந்த வேறுபாட்டையும் மறைக்காமல் பதிவு செய்யுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்