குப்பை பிரிக்கும்போது கவனிக்க

அனைவருக்கும் வணக்கம். மக்கும் குப்பை பச்சைத் தொட்டி, மக்காதது நீலத் தொட்டி. இது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் வருவது சின்ன விஷயங்களில்தான்.

முதலில் பால் கவர். கழுவாமல் போட்டால் ஒரே நாளில் புளித்து நாறும். பக்கத்தில் உள்ள பேப்பரும் அட்டையும் ஊறிப்போனால் எடைக்கு எடுக்க மாட்டார்கள். வெட்டும்போது மூலையைத் தனியாகத் துண்டிக்காதீர்கள், கவரோடு ஒட்டியே இருக்கட்டும். அந்த நகத்தளவு துண்டு பிரிக்கிறவர் கையில் சிக்காமல் நேரே சாக்கடைக்குப் போய்விடும். காலியானதும் அரை டம்ளர் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள் (அதைச் செடிக்கு ஊற்றலாம்). பிறகு கவிழ்த்துக் காயவைத்து நீலத்தில் போடுங்கள்.

ஹோட்டல் பார்சலில் வரும் சாம்பார், சட்னி கவர்களும் அப்படித்தான். முடிச்சோடு எறிந்தால் யாரும் அவிழ்க்கப் போவதில்லை. மிச்சத்தைப் பச்சையில் கொட்டி, கவரை அலசுங்கள். வாழை இலை பச்சைக்கு. பிளாஸ்டிக் பூசிய இலைத்தாள் பார்வைக்கு இலை மாதிரி இருந்தாலும் மக்காது, நீலத்துக்குத்தான்.

காய்கறிக் கழிவை கேரிபேக்கில் கட்டவே வேண்டாம். உள்ளே காற்றுப் புகாமல் அழுகும், உரமாகாது. தொட்டியின் அடியில் செய்தித்தாள் விரித்தால் போதும். தேங்காய் ஓடு மக்க ரொம்ப நாளாகும், தனியாக வையுங்கள்.

நாப்கின், டயபரைத் தாளில் சுற்றி மேலே சிவப்பு மையால் குறியிடுங்கள். இன்சுலின் ஊசி, பிளேடு எல்லாம் மூடியுள்ள கெட்டியான டப்பாவில். பழைய வகை டியூப்லைட்டில் (எல்.இ.டி. அல்லாததில்) பாதரசம் உண்டு. உடைக்காமல், பேட்டரியோடு சேர்த்துத் தனியே கொடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தடிமனாகச் சுற்றி, ‘கண்ணாடி’ என்று எழுதிக் கையிலேயே கொடுங்கள். குப்பை எடுக்க வரும் அக்கா பல நாள் கையுறை இல்லாமல்தான் பிரிக்கிறார்.