சட்டையில் கொடி பேட்ச்: ஆர்டர் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுதந்திர தினமோ குடியரசு தினமோ நெருங்கினால் பள்ளிகள், நிறுவனங்கள், விளையாட்டு மன்றங்கள் என எல்லாத் தரப்பிலிருந்தும் கொடி பேட்ச் வைத்த சட்டை, டிசர்ட், தொப்பிக்கு ஆர்டர் வருகிறது. 'கொடியா ஏற்றுகிறோம், சின்ன பேட்ச்தானே' என்ற எண்ணத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. 1971-ஆம் ஆண்டின் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கொடியின் படம், ஓவியம், ஒளிப்படம், அதன் ஒரு பகுதியின் உருவம் என எதுவானாலும், எந்தப் பொருளில் செய்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது தேசியக் கொடிதான். அதை அவமதித்தால் தண்டனை மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

உடையில் கொடி வைக்கவே கூடாது என்றுதான் முன்பு விதி இருந்தது. 2005-இல் வந்த திருத்தம் அதைத் தளர்த்தியது. ஆனால் அந்தத் திருத்தத்தில் இரண்டு பகுதிகள் உண்டு. இடுப்புக்குக் கீழே அணியும் உடையிலோ அணிகலனிலோ கொடி இருக்கக் கூடாது என்பது முதல் பகுதி. இது பலருக்கும் தெரியும். குஷன், கைக்குட்டை, கைத்துடைப்பான், உள்ளாடை, உடைத் துணி ஆகியவற்றில் கொடியை எம்பிராய்டரி செய்யவோ அச்சிடவோ கூடாது என்பது இரண்டாவது. இதை யாரும் படிப்பதில்லை. தனியாகச் செய்து சட்டையில் பொருத்தும் பேட்ச் வேறு, சட்டைத் துணி மேலேயே கொடியை அடிப்பது வேறு. பின்னதற்குச் சட்டத்தின் வாசகமே எதிராக நிற்கிறது. ஆகவே டிசர்ட்டில் நேரடியாகப் பிரிண்ட் போடச் சொல்லாதீர்கள், தனி பேட்ச் கேளுங்கள். பிற்பாடு கழற்றி எடுக்கவும் அதுதான் வசதி.

இதற்காக யாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. கோவையில் மூவண்ண கேக் வெட்டியது தொடர்பான வழக்கை 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவமதிக்கும் நோக்கம் இருந்ததா என்பதைத்தான் அது பார்த்தது. ஆனாலும் நோக்கம் நல்லது என்பதற்காகத் தலைகீழாகத் தைத்த கொடி நேராகிவிடாது.

தொழில்முறையில் அதிகம் தவறுவது அளவும் சக்கரமும். கொடியின் நீள அகல விகிதம் 3:2. கொடி விதிகளில் உள்ள மிகச் சிறிய அளவு, மேசைக் கொடிக்கான 150 × 100 மில்லிமீட்டர். அதில் சக்கரத்தின் விட்டம் 25 மில்லிமீட்டர். அதாவது வெள்ளைப் பட்டையின் உயரத்தில் முக்கால் பங்கு. பேட்ச்சை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்தக் கணக்கு மாறக் கூடாது. பெரும்பாலோர் கேட்கும் 60 × 40 மி.மீ. பேட்ச்சில் சக்கரம் 10 மி.மீ.தான் வரும். அதற்குள் 24 ஆரங்கள். வட்டத்தின் விளிம்பிலேயே ஓர் ஆரத்துக்கும் அடுத்ததற்கும் 1.3 மி.மீ. இடைவெளிதான் கிடைக்கும், பாதி தூரம் உள்ளே போனால் அதிலும் பாதி. வழக்கமான எம்பிராய்டரி நூலின் தடிமன் சுமார் 0.4 மி.மீ. என்பதால் நடுப்பகுதி நீலக் கட்டியாகிவிடும். அதைத் தவிர்க்க, டிசைன் பஞ்சிங் செய்பவர் (படத்தை எம்பிராய்டரி இயந்திரத்துக்கான தையல் கோப்பாக மாற்றுபவர்) கேட்காமலேயே ஆரங்களை 16 ஆக, 12 ஆக, சில சமயம் எட்டாகக் குறைத்துவிடுவார். கணினித் திரையில் அழகாகத்தான் தெரியும்; எண்ணிப் பார்த்தால்தான் விஷயம் புரியும்.

எம்பிராய்டரிதான் வேண்டும் என்றால் 90 × 60 மி.மீ.க்குக் குறையாமல், ஆரங்களுக்கு மட்டும் மெல்லிய நூல் கேளுங்கள். சக்கரம் 15 மி.மீ. வரும், ஆரங்கள் பிரிந்து தெரியும். அதைவிடச் சிறிதாக வேண்டுமென்றால் எம்பிராய்டரியை விட்டுவிட்டு, லேபிள் போல நெய்த பேட்ச்சோ, பேட்ச் துணியில் சப்ளிமேஷன் பிரிண்ட்டோ (வெப்பத்தால் மையைத் துணியில் ஏற்றும் அச்சு) போடலாம். சாம்பிள் வந்ததும் லென்ஸ் வைத்து ஆரங்களை எண்ணிவிட்டு ஒப்புதல் கொடுங்கள். சக்கரம் முட்டை வடிவில் இருந்தால், நூல் இழுவைக்கு ஈடு கொடுக்காமல் பஞ்சிங் செய்திருக்கிறார்கள், அல்லது துணி இழுபடாமலிருக்க அடியில் வைக்கும் தாங்கு பேப்பர் (backing) போதவில்லை என்று அர்த்தம். திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

நிறத்தில் ஒரு சொல்: நூல் அட்டையில் 'ஆரஞ்சு' என்று இருப்பதெல்லாம் காவி அல்ல. ஃப்ளோரசன்ட் ஆரஞ்சும் கிளிப்பச்சையும் ட்யூப் லைட் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதால் தேர்வாகிவிடுகின்றன. பகல் வெளிச்சத்தில், முறையான கொடி ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சக்கரம் கருநீலம், கறுப்பும் இல்லை, வான நீலமும் இல்லை. ஓரத்தில் கறுப்பு அல்லது சிவப்பு ஓவர்லாக் அடித்தால் கொடிக்கு நான்காவது நிறம் வந்து சேர்கிறது. வெப்பத்தில் வெட்டிய ஓரம் போதும்.

பொருத்துவதற்கு இடது மார்பு பொதுவாக ஏற்றது. காவி மேலே, பட்டைகள் தரைக்கு இணையாக. கையில் வைப்பதானால் தோள் தையலுக்குக் கீழே 3 முதல் 5 சென்டிமீட்டர் விட்டு, கையின் வெளிப்பக்க நடுவில். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டியில் வேண்டாம், கையைத் தொங்கவிட்டால் அது இடுப்புக்குக் கீழே போய்விடும். நீளவாக்கில்தான் இடம் இருக்கிறது என்றால், எதிரே நின்று பார்ப்பவருக்குக் காவி இடப்புறம் வர வேண்டும். அமெரிக்க ராணுவத்தினர் வலது தோளில் கொடியைக் கண்ணாடி பிம்பம் போலத் திருப்பி அணிவதைப் பார்த்துவிட்டு இங்கும் 'வலது கை பேட்ச், இடது கை பேட்ச்' என்று கேட்கிறார்கள். நம் கொடிக்கு இடம் வலம் ஒன்றுபோலவே இருப்பதால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. மேல் கீழ்தான் முக்கியம். தையல்காரரிடம் பேட்ச் கட்டைக் கொடுக்கும்போது ஒவ்வொன்றின் பின்புறமும் பென்சிலில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுக் கொடுத்தால் போதும்.

கொடியின் மேல் எந்த எழுத்தும் வரக் கூடாது. நிறுவனப் பெயர், ஆண்டு, 'ஜெய் ஹிந்த்' எல்லாம் சட்டையின் வேறு பக்கம் போகட்டும். நான்முகச் சிங்கத்தைக் கொடியோடு சேர்த்துக் கேட்பவர்களும் உண்டு. அது அரசின் சின்னம், அதற்கு 2005-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. தனியார் தங்கள் சட்டையில் போட்டுக்கொள்ள அதில் அனுமதி இல்லை.

இஸ்திரியில் ஒட்டும் பேட்ச்சை மட்டும் நம்ப வேண்டாம். விளையாட்டு டிசர்ட்டின் பாலியெஸ்டர் துணி, பசை நன்றாக உருகும் சூட்டைத் தாங்காது என்பதால் சூட்டைக் குறைத்து ஒட்டுவார்கள்; சில சலவைகளிலேயே மூலை தூக்கிக்கொள்ளும். தொங்கும் கொடியோடு மைதானத்தில் ஓடுவது யாருக்கும் அழகல்ல. ஓரத்திலிருந்து 2 மி.மீ. உள்ளே சுற்றித் தையல் போடுங்கள், நிறமற்ற நைலான் நூலாக இருந்தால் மூன்று பட்டைக்கும் ஒன்றே போதும். பனியன் துணி இழுபடும், பேட்ச் இழுபடாது. சுற்றிலும் சுருக்கம் விழாமலிருக்கத் துணிக்கு உட்புறம் ஒரு ஃபியூசிங் துண்டு (இஸ்திரியில் ஒட்டும் உள்துணி) வையுங்கள். பருத்தி பேட்ச் என்றால் தைப்பதற்கு முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். அப்போதே சுருங்கிவிடும், சாயம் வெள்ளைப் பட்டையில் இறங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

கடைசியாக, சட்டை கிழிந்த பிறகு என்ன? பழைய டிசர்ட் வண்டி துடைக்கவும் தரை துடைக்கவும் போவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். பேட்ச்சும் கூடவே போகிறது. சேதமடைந்த கொடியைத் தனியிடத்தில், முழுமையாக, எரித்தோ கண்ணியமான வேறு முறையிலோ அழிக்க வேண்டும் என்கிறது கொடி விதி. பாலியெஸ்டர் பேட்ச் எரியும்போது உருகிச் சொட்டும், புகையும் கெட்டது. துணியில் சுற்றிப் புதைப்பது மேல். ஒரு நாள் நிகழ்ச்சிக்காக நூற்றுக்கணக்கில் வாங்கும் பள்ளிகளும் நிறுவனங்களும் தைப்பதற்குப் பதில் வெல்க்ரோ பேட்ச் வாங்கலாம். நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் ஒரு பெட்டி வைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டால், அடுத்த ஆண்டும் அதே பேட்ச் உதவும்.

இப்படிக்கு,
எம்பிராய்டரித் தொழிலில் உள்ள வாசகர்,
திருப்பூர்.