அப்பத்தாவின் ஈயச்சொம்பு

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தாயி,

நேற்று போனில் நீ அழுததிலிருந்து மனசே சரியில்லை. அப்பத்தாவின் ஈயச்சொம்பு டொராண்டோ அடுப்பில் உருகி ஓடியதற்கு உன்னைத் திட்டிக்கொள்ளாதே. நாற்பது வருஷம் ஈயம் பூசிப் பிழைத்தவன் நான். அதன் குணத்தைச் சொல்லாமல் கொடுத்தனுப்பியது என் தப்பு.

சொம்பு செய்யும் ஈயம், அதாவது வெள்ளீயம் (டின்), 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருந்தால் சூடு 100ஐ ஒட்டியே நிற்கும், சொம்பும் தாங்கும். வெறும் சொம்பு தாங்காது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பைப் போட வேண்டும். தாளிப்பு தனிக் கரண்டியில்.

சீக்கிரம் உருகும் அந்தக் குணம்தான் நமக்குச் சோறு போட்டது. சோழவந்தான், திருமங்கலம் என்று சைக்கிளில் துருத்தியைக் கட்டிக்கொண்டு போவேன். பித்தளை அண்டாவைத் தேய்த்து, கரியில் காய்ச்சி, நவச்சாரம் தூவினால் குப்பென்று வெள்ளைப் புகை வரும். அழுக்கு விட்டுப்போகும். அந்த நேரம் பார்த்து ஈயக்குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் திட்டுத்திட்டாக நிற்கும். பூசாத பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், குமட்டும். எவர்சில்வர் வந்த பிறகு கூப்பிட ஆளில்லை.

அவசரப்பட்டு அங்கே கடையில் வேறு சொம்பு வாங்கிவிடாதே. நம் ஆட்கள் வெள்ளீயத்தையும் ஈயம் என்பார்கள், காரீயத்தையும் ஈயம் என்பார்கள். காரீயம் விஷம், பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். தனிக் காரீயம் என்றால் கனத்திலேயே தெரியும், காகிதத்தில் தேய்த்தால் கறுப்புக் கோடு விழும். வெள்ளீயக் குச்சியை வளைத்தால் கிரீச்சென்று சத்தம் வரும். இரண்டையும் கலந்துவிட்டால் என் கண்ணுக்கே பிடிபடாது. பேத்தி குடிக்கும் ரசம், தாயி.

உருகின கட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதே. எத்தனை தடவை உருக்கினாலும் ஈயம் ஈயம்தான். பால்கனியிலும் வைக்காதே. சுத்த வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே நாள்பட இருந்தால் சாம்பல் நிறமாகிப் பொடியாக உதிரக்கூடும். உங்கள் ஊர்க் குளிருக்குக் கேட்கவே வேண்டாம். துணியில் சுற்றிச் சமையலறை அலமாரியில் வை.

சித்திரைத் திருவிழாவுக்கு வரும்போது எடுத்து வா. முதலில் ஒரு லேபில் கொடுத்துக் காரீயம் கலந்திருக்கிறதா என்று பார்ப்போம். இல்லையென்றால் அதே ஈயத்தில் சொம்பு செய்யத் தெரிந்த ஆசாரி ஒருவர் இருக்கிறார், பேசி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா