கோயம்புத்தூர் இரண்டு

பீளமேடு,
ஞாயிறு காலை

அன்பு மகள் மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் மாடிக்கு ஏறி வந்து என் மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறாள். நீ அனுப்பிய விமான மாதிரிப் பெட்டி மூலைகூட நசுங்காமல் வந்து சேர்ந்ததை அன்றே சொல்லிவிட்டேன். அன்று நீ சொன்ன இன்னொரு செய்திக்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. ரயில் பெட்டியின் அவசரக் கதவை மூன்றாம் முறையாகச் சோதிக்க வேண்டும் என்று நீ கேட்டதற்கு, உன் மேலதிகாரி எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொண்டார் என்றாய். நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சாப்பிட்டாயா?" என்று கேட்டேன். சொல்ல வேண்டியது தொலைபேசியில் வரவில்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு இந்த விமானத்தின் வழியாகத்தான் வர வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படி.

"முன்பக்கம் துப்பாக்கியே இல்லாத போர் விமானம் அப்பா, புதுமையாக இருந்தது, வாங்கிவிட்டேன்" என்றாய். போல்டன் பால் நிறுவனம் வுல்வர்ஹாம்ப்டனில் கட்டிய டிஃபையன்ட் அது. முதன்முதலில் பறந்தது 1937 ஆகஸ்டில். மொத்தம் ஆயிரத்துச் சொச்சம் செய்தார்கள். மூக்கில் இருப்பது ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் எஞ்சின், அதாவது இங்கிலாந்தில் நீ இப்போது இருக்கும் டெர்பியில் பிறந்தது. அந்த ஊரில் நடக்கும்போது இதை ஒரு முறை நினைத்துக்கொள்.

பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது படத்தை அல்ல, ஓரத்து அச்சை. இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று போட்டிருக்கிறது. ஏர்ஃபிக்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் மாதிரிக் கிட் ஒன்றை நம் நாட்டில் யாரோ வார்த்து, அது கடல் கடந்து போய், நீ காசு கொடுத்து வாங்கி, மறுபடியும் கடல் கடந்து பீளமேட்டுக்கு வந்திருக்கிறது. அளவு எழுபத்திரண்டில் ஒன்று. இந்தக் கணக்கு எனக்கு எப்போதுமே பிடிக்கும். ஆறடி என்பது ஓர் அங்குலம், ஆறடி மனிதன் நின்றால் கட்டைவிரலின் மேல் கணு உயரம்தான் இருப்பான். நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி ஏறக்குறைய 12 மீட்டர். ஒட்டி முடித்த இறக்கையில் வெர்னியர் வைத்துப் பார்த்தேன், 16.6 சென்டிமீட்டர். சரியாக இருந்தது. வார்க்கும் அச்சான டையை வெட்டியவன் கெட்டிக்காரன். தகடுகள் சேரும் கோடுகளை முடியிழை போல இழுத்திருக்கிறான்.

ஒட்டுவது உனக்குத் தெரியும், சின்ன வயதில் கூட உட்கார்ந்திருக்கிறாய். அந்தப் பசை பிளாஸ்டிக்கை இளக்கி ஒன்றாக்கிவிடும். அதனால் ஒட்டும் முன்பு எல்லா உறுப்பையும் உலர்வாகப் பொருத்திப் பார்க்க வேண்டும். உடலின் இரு பாதிகளைச் சேர்த்து, மடிப்பை உப்புத்தாளில் தேய்த்து மறைப்பது ஒரு நாள் வேலை. அதற்குமேல் அந்தச் சுழல்கூண்டு. ஒரு வாரம் அதிலேயே போயிற்று.

விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டு. அதில் நான்கு பிரவுனிங் துப்பாக்கிகள், அவற்றுக்கு நடுவே ஒருவர். பிரெஞ்சுக்காரர் டி புவாசோனின் வடிவமைப்புக்கு உரிமம் வாங்கி போல்டன் பால் அதைச் செய்தது. மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் சேர்ந்து சுழற்றும். தன் விமானத்தின் உந்துவிசிறியையே சுட்டுவிடாதபடி, அந்தத் திசை வரும்போது துப்பாக்கிக்கு மின்தொடர்பு தானாக அறுந்துபோகும். கூண்டுக்கு முன்னும் பின்னும் விமானத்தின் முதுகில் உள்ள கூனல் போன்ற மூடிகள் காற்றழுத்தத்தில் கீழே இறங்கி வழிவிடும். முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்தவன் சொல்கிறேன், அவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு வேலையை அடக்கியவர்களுக்குக் கைகூப்பலாம்.

துப்பாக்கிகளை எல்லாம் பின்கூண்டில் வைக்கும் இந்த எண்ணம் 1935-இல் உருவானபோது அதில் தர்க்கம் இருந்தது. ஜெர்மனியிலிருந்து கிளம்பும் குண்டுவீச்சு விமானங்கள் துணைக்குப் போர் விமானம் இல்லாமல்தான் இங்கிலாந்து வர முடியும், அவ்வளவு தூரம் சின்ன விமானங்கள் பறக்காது. ஆகவே ஒருவர் ஓட்டட்டும், இன்னொருவர் முழுக் கவனத்தோடு சுடட்டும் என்று முடிவு செய்தார்கள். 1940 ஜூனில் பிரான்ஸ் வீழ்ந்தது. ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையிலேயே ஜெர்மானிய விமானதளங்கள் வந்துவிட்டன. மெஸ்ஸர்ஷ்மிட் என்ற ஜெர்மானியப் போர் விமானங்கள் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணையாகக் கூடவே வந்தன. வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை, ஆனால் அது எந்த வானத்துக்காக வரையப்பட்டதோ அந்த வானம் போய்விட்டது.

இனி உன்னைத் தூக்கிவாரிப் போடப்போகும் செய்தி. பெட்டியில் உள்ள ஒட்டுப்படத் தாளில் பி.எஸ். என்ற எழுத்துகள் இருக்கின்றன. அவை 264-ஆம் படையணியின் அடையாள எழுத்துகள். அந்தப் படையணியின் முழுப் பெயர் 264 (மெட்ராஸ் பிரசிடென்சி) படையணி. ஆம், நம் சென்னை மாகாணம். போர் நிதிக்கு இங்கிருந்து போன பணத்தை முன்னிட்டு 79, 234, 264 என மூன்று படையணிகளுக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். ஒரு போர் விமானத்துக்கு 5,000 பவுண்டு என்று விலை சொல்லி நன்கொடை திரட்டிய காலம். கொடுத்த ஊரின் பெயரை விமானத்தின் மேலேயே எழுதுவது வழக்கம். அந்தப் படையணியின் என் 1801 என்ற எண்ணுள்ள டிஃபையன்டின் மேல் எழுதியிருந்த பெயர் என்ன தெரியுமா? 'கோயம்புத்தூர் இரண்டு.'

இதைப் படித்த அன்று இரவு நான் தூங்கவில்லை. அம்மாவை எழுப்பிச் சொன்னேன். "நம்ம ஊர் பேரா?" என்று கேட்டு அவளும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பணம் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பைக்காரா மின்சாரம் வந்து இங்கே மில்கள் பெருகியிருந்த நேரம். மில் முதலாளிகள் கொடுத்தார்களா, சம்பளத்தில் பிடித்தார்களா, மனமுவந்து கொடுத்தார்களா, அதிகாரியின் முகத்துக்கு அஞ்சிக் கொடுத்தார்களா? இந்தியாவைக் கேட்காமலே இந்தியா போரில் இருக்கிறது என்று அறிவித்தார்கள், அதற்காகத்தான் 1939 அக்டோபரில் ராஜாஜியின் அமைச்சரவை பதவி விலகியது. அதே மாகாணத்தின் பெயர் பிறகு இங்கிலாந்தின் வானத்தில் பறந்தது. எனக்கு இதில் பெருமையும் இருக்கிறது, ஆத்திரமும் இருக்கிறது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு உனக்கு எழுத மனம் வரவில்லை.

அந்தப் படையணி பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். 1940 மே 13 அன்று நெதர்லாந்துக் கரையோரம் ஆறு டிஃபையன்டுகள் போயின, ஐந்து திரும்பவில்லை. அதே மாதம் 29-ஆம் தேதி பிரான்ஸ் கரையிலுள்ள டன்கர்க் மேலே ஒரே நாளில் 37 எதிரி விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்குக் கொடுத்தார்கள். உண்மை எண்ணிக்கை அதைவிட மிகக் குறைவு, ஆனாலும் அது அவர்களுடைய நாள்தான். ஜூலை 19 அன்று 141 என்ற இன்னொரு படையணியின் ஒன்பது டிஃபையன்டுகள் கால்வாய் மேலே மாட்டிக்கொண்டன, ஆறு அழிந்தன. ஆகஸ்ட் 24 அன்று 264-இன் தலைவர் ஃபிலிப் ஹன்டரும் அவருடைய துப்பாக்கிக்காரர் கிங்கும் ஒரு ஜங்கர்ஸ் விமானத்தைத் துரத்திக்கொண்டு கடலை நோக்கிப் போனார்கள். அதன்பிறகு அவர்களை யாரும் பார்க்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் டிஃபையன்டைப் பகல் போரிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

பிறகு அதற்குக் கறுப்பு வண்ணம் பூசி இரவுக்கு அனுப்பினார்கள். லண்டன் எரிந்துகொண்டிருந்த அந்தக் குளிர்காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. இருட்டில் குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிற்றுக்குக் கீழே போய், கூண்டைத் திருப்பி மேல்நோக்கிச் சுடுவார்கள். 'கோயம்புத்தூர் இரண்டு' அப்படிப்பட்ட கறுப்பு விமானம். டெஸ்மண்ட் ஹியூஸ் ஓட்டினார், சார்ஜண்ட் ஃபிரெட் காஷ் கூண்டில் இருந்தார். ஹியூஸ் போரில் பிழைத்து ஏர் வைஸ் மார்ஷல் வரை உயர்ந்தார்.

இப்போது கதவுக்கு வருகிறேன்.

கூண்டின் முதுகில் இரண்டு நகரும் கதவுகள். துப்பாக்கிக்காரர் ஏறுவதும் இறங்குவதும் அவற்றின் வழியாகத்தான். கூண்டு சரியான திசையில் நின்றால் மட்டுமே அவை வெளியே திறந்து வழிவிடும். அடிபட்டு மின்சாரம் போய், கூண்டு கோணலாக நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர் உள்ளேதான். வழக்கமான பாராசூட் மூட்டைக்கு அங்கே இடமே இல்லை. அதனால் பாராசூட்டை உடைக்குள்ளேயே வைத்துத் தைத்த ஒரு கனத்த அங்கியைக் கொடுத்தார்கள், அதைக் காண்டாமிருக உடை என்று அழைத்தார்கள். அதையும் போட்டுக்கொண்டு, தலைகுப்புற விழும் விமானத்தில், அந்தச் சந்துக்குள் உடம்பைத் திருப்பி வெளியே வர வேண்டும். ஜூலை 19 அன்று இறந்தவர்களில் விமானிகளைவிடத் துப்பாக்கிக்காரர்களே அதிகம். முன்னால் இருந்தவருக்கும் பின்னால் இருந்தவருக்கும் ஒரே விமானம், ஒரே குண்டு. கதவு மட்டும் வேறு.

எனக்கு இது படித்துத் தெரிந்ததல்ல, கையில் தெரிந்தது. இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லாத அந்தப் பொம்மை மனிதரைச் சாமணத்தில் பிடித்து உள்ளே உட்காரவைக்கப் பார்த்தேன். துப்பாக்கிகளைப் பொருத்திய பிறகு அவர் போகவில்லை. எடுத்துவிட்டு, அவரை முதலில் வைத்து, அவரைச் சுற்றித்தான் கூண்டைக் கட்ட முடிந்தது. கண்ணாடி மூடியை ஒட்டும்போது கை நின்றுவிட்டது. ஒட்டினால் அவர் இனி வெளியே வர முடியாது என்று பட்டது. வெறும் பிளாஸ்டிக்தான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு ஒட்டவில்லை, விளக்கை அணைத்துவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததை உனக்கு இதுவரை சொன்னதில்லை. பக்கத்து இயந்திரத்தில் ஒருவருடைய சட்டைக் கை பெல்ட்டில் சிக்கிக்கொண்டது. இயந்திரத்தை நிறுத்தும் பொத்தான் அந்தப் பக்கம் இருந்தது. அவருடைய வலது கை சிக்கியிருக்கிறது, இடது கைக்குப் பொத்தான் எட்டவில்லை. நான் ஓடிப்போய் அழுத்துவதற்குள் இரண்டு விரல்கள் போய்விட்டன. பொத்தானை ஒன்றரை அடி தள்ளி வைத்திருந்தால் அவராகவே அழுத்தியிருப்பார். அந்த இடத்தில் அது இருக்கக் கூடாது என்று எனக்கு அதற்கு முன்பே தோன்றியிருந்தது, மலர். ஒரு வருடத்துக்கு முன்பே தோன்றியது. புதிதாகச் சேர்ந்தவன் எதற்குச் சொல்ல வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் அதன்பிறகு தன் ஊருக்கே போய்விட்டார். இன்றுவரை மின்பொத்தான் எதைப் பார்த்தாலும் முதலில் அது எந்தக் கைக்கு எட்டும் என்றுதான் பார்க்கிறேன்.

அதனால் நீ மூன்றாம் முறை கேட்டது எனக்கு எப்படி இருந்தது என்று உன்னால் ஊகிக்க முடியும். நாற்பது பேர் பார்க்க உன்னைத் திட்டியதில் எனக்கு வயிறு எரிகிறது, அப்பனுக்கு எரியாதா? ஆனால் நீ கேட்டதை விட்டுவிடாதே. புகை நிறைந்த பெட்டியில், சாய்ந்து கிடக்கும் பெட்டியில், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் ஒருத்தியின் கைக்கு அந்தப் பிடி எட்டுகிறதா என்று யாராவது கேட்டே ஆக வேண்டும். அந்த அறையில் அதைக் கேட்டது என் மகள். நான்காம் முறையும் தேவைப்பட்டால் கேள். எழுத்தில் கேள், தேதி போட்டுக் கேள், நகல் வைத்துக்கொள். அது என்ன ஆனாலும் நாங்கள் இருக்கிறோம். வேலை இல்லாமல் வந்து நின்றாலும் மாடி அறை உன்னுடையது, மேசையை நான் ஓரமாக நகர்த்திக்கொள்கிறேன்.

மாதிரியைப் பற்றி மீதியையும் சொல்லி முடிக்கிறேன். பெட்டியில் சொன்னபடி பச்சையும் பழுப்புமாகப் பூசவில்லை. முழுக்கக் கறுப்பு. வெறும் கறுப்பு அடித்தால் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுக்கு அது கரிக்கட்டையாகத் தெரியும், ஆகவே துளி சாம்பல் கலந்திருக்கிறேன். இங்கே இப்போது வெயில் காலம், வண்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடுகிறது, அதனால் விடியற்காலையில் பூசுகிறேன். பெயரை நானே கையால் எழுதப்போகிறேன். எழுத்து ஒரு மில்லிமீட்டர் உயரம்தான் வரும், நான்கு இழை மட்டும் விட்டு ஒரு தூரிகையைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். தாளில் இருபது முறை பழகிவிட்டேன். கூண்டு இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

உன்னிடம் ஒரு வேலை. முழுதாக மிஞ்சியிருக்கும் டிஃபையன்ட் உலகத்திலேயே ஒன்றுதான், என் 1671 என்ற எண்ணுள்ளது. ராயல் விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எந்த ஊர்க் கிளையில் நிறுத்தியிருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் வா. முன்பக்கப் படம் வேண்டாம், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. சுழல்கூண்டின் முதுகை எடு. கதவுகளின் விளிம்பு, அவை நகரும் தண்டவாளம், உள்ளே கைப்பிடி இருந்தால் அது. கிட்டத்திலிருந்து எடுக்க விடாவிட்டால், நின்று நன்றாகப் பார்த்துவிட்டு வந்து ஒரு தாளில் வரைந்து அனுப்பு. நீயானால் அந்தக் கதவை எங்கே வைத்திருப்பாய் என்பதையும் அதே தாளில் வரை. அது வந்த பிறகு மூடியை ஒட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா